தட்டில் குறைந்த சோறு

கணவர் மணிமாறனின் தட்டைத் தராசில் வைத்து, கோகிலா இரண்டாவது கரண்டி சோற்றை அள்ளும்போதே தராசு குரல் கொடுத்துத் தடுத்துவிட்டது.

"ஐயாவுக்கு இன்னிக்கு இவ்வளவு போதும். ஏற்கெனவே சேமியாப் பாயசம் சாப்பிட்டிருக்காருங்க."

கோகிலா கரண்டியும் கையுமாக நின்றாள். யார் உடம்புக்குள் என்ன போயிருக்கிறது என்பதில் தராசு ஒருநாளும் தவறியதில்லை. ஈரோட்டில் எந்தக் கடைத் தராசும் சர்க்கரை நோயாளிக்கு இனிப்புத் தர விடுவதில்லை. ஆக, ஏதோ ஒரு வீட்டில்தான் குடித்திருக்கிறார். இன்று பேத்திக்கு முதல் பிறந்தநாள் என்பது அவளுக்கு விடிந்ததிலிருந்தே நினைவில் இருந்தது.

மகன் ஆதவன் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டபோது, இனி அவன் வாசலை மிதிப்பதில்லை என்று முதலில் சத்தியம் செய்தவர் மணிமாறன்தான். அவர் வார்த்தைக்காகத்தான் அவளும் இத்தனை காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"தப்புத்தான் கோகிலா. காலு தானா அங்க போயிருச்சு."

அவள் கத்தப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டார். அவளோ அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, புள்ள யாரு சாடைங்க?"

"உன்ற சாடைதான். சிரிச்சா கன்னத்துல அதே குழி."

கோகிலா எழுந்தாள். தன் தட்டைத் தராசில் வைத்தாள். அது எப்போதும்போல முழு அளவுச் சோற்றைக் கேட்டது. அதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க. என்ற தட்டுலயும் சோறு குறையோணுங்க," என்றாள்.