ஏதென்ஸில் ஒரு மடையன்

“ஒரு வாக்கு! ஒரே ஒரு வாக்கு! எந்தக் கை அந்தக் கடைசி ‘நைனை’ எழுதிச்சுதோ, அந்தக் கை விளங்காமப் போக!”

ஜெயந்தி கடிதத்தை மேசையில் ஓங்கி அடித்தாள். தேநீர்க் கோப்பை ஒருதரம் துள்ளி அடங்கியது.

பேர்ணுக்குப் பக்கத்திலுள்ள அந்தச் சின்ன ஊரில், ஒரு வெளிநாட்டுக் குடும்பத்துக்குச் சுவிஸ் குடியுரிமை கொடுக்கலாமா என்பதை ஊர்க்காரர்கள் வாக்குப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். சீட்டில் ‘யா’ (ஆம்) அல்லது ‘நைன்’ (இல்லை) என்று கையால் எழுத வேண்டும். பதினான்கு வருடம் ஒழுங்காக வரி கட்டிய குடும்பத்துக்கு ஊர் ஒரு வாக்கு வித்தியாசத்தில் எழுதிக் கொடுத்த பதில் ‘நைன்’.

“ஒகஸ்ட் விழாவுக்கு முந்நூறு ரோல்ஸ் பொரிச்சுக் குடுத்தனான். ஒண்டு மிச்சம் விடாமத் திண்டவங்கள்! பேரையும் பாருங்கோ. ஹெர் கந்தப்போடியாம்! மண்டூரில செத்து இருபது வருசமான மாமாவையெல்லோ தோற்கடிச்சிருக்கிறாங்கள்!”

அது பழைய கூத்து. வந்த புதிதில் அவள் புருஷன் சாமித்தம்பி, நம் வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னால் எழுதி நீட்டினார். அதுவே குடும்பப் பெயராகப் பதிவாகிவிட்டது. அன்றிலிருந்து அலுவலகக் காகிதங்களில் அவர் ‘ஹெர்’, அதாவது திருவாளர், கந்தப்போடி. வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் மட்டும் எல்லாருக்கும் வெறும் சாமி.

சாமித்தம்பி சட்டைப்பையிலிருந்து ஒரு சொக்லேட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“இல்லத்தில நான் பாக்கிற மனுசி, ஃப்ராவ் ஆமான், ரிஷானிக்குத் தந்துவிட்டது.”

“பாத்தியளோ! குளிக்க வார்த்து, சோறு தீத்துற மனுசனின்ர அருமை அந்த மனுசிக்குத் தெரியும். அது கட்டாயம் எங்களுக்கு ‘யா’தான் போட்டிருக்கும். அதைப்போல இன்னும் ரெண்டு பேர் இந்த ஊரில இருந்திருந்தா!”

அவர் சொக்லேட் தாளின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். இப்படி ஒரு அநியாயம் நடந்த பிறகும் இந்த மனுசனுக்கு எப்படித்தான் வாய் மூடி இருக்க முடிகிறதோ என்று ஜெயந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாளைய சரித்திரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் ரிஷானி புத்தகத்தை மூடினாள்.

“அம்மா, அந்தக் காலத்து ஏதென்ஸிலயும் இப்பிடித்தான். ஊர்ச்சபை கூடித்தான் எல்லாம் தீர்மானிக்கும். வெளியூரில இருந்து வந்து இருக்கிறவை வரி கட்டோணும், சண்டைக்கும் போகோணும். வாக்கு மட்டும் இல்லை. பொம்பிளையளுக்கும் இல்லை, அடிமையளுக்கும் இல்லை.”

“இதுக்குப் பேர் சனநாயகமோ?”

“இன்னும் கேளுங்கோ. ஒருத்தரைப் பிடிக்காட்டி, உடைஞ்ச சட்டித் துண்டில அவற்ற பேரைக் கீறிப் போடுவினம். கனபேர் போட்டா, அந்தாள் பத்து வருசத்துக்கு ஊரை விட்டே போகோணும்.”

“என்ன குற்றத்துக்கு?”

“குற்றம் ஒண்டும் தேவையில்லை.”

ஜெயந்திக்கு முகம் சிவந்துவிட்டது. கண்ணால் காணாத ஏதென்ஸ்காரர் அத்தனை பேரையும் வரிசையில் நிற்க வைத்து ஏச வேண்டும் போல இருந்தது.

“அரிஸ்டைடீஸ் எண்டு ஒரு நேர்மையான ஆள்,” ரிஷானி தொடர்ந்தாள். “அப்பிடி வாக்குப் போடுற நாளில, எழுதத் தெரியாத ஒருத்தன் அவரிட்டயே சட்டித் துண்டை நீட்டி, ‘இதில அரிஸ்டைடீஸ் எண்டு எழுதித் தாங்கோ’ எண்டு கேட்டானாம். இவர்தான் அந்தாள் எண்டு அவனுக்குத் தெரியாது.”

“நல்ல வேளை! வேற ஆற்றையும் பேரை எழுதி விட்டிருப்பார்.”

“இல்லையம்மா. தன்ர பேரைத்தான் எழுதிக் குடுத்தவராம்.”

“விசரன்! எழுத்துத் தெரியாதவனுக்கு என்ன விளங்கப் போகுது? பெண்டில் பிள்ளையை ஒரு நிமிசம் நினைச்சுப் பாத்தானோ அந்த மடையன்?”

“அது மற்றவன்ர வாக்கெல்லோ, ஜெயந்தி,” என்றார் சாமித்தம்பி மெதுவாக. “அந்தாளை ஏசாதையும்.”

“ஏசுவன்! நல்லா ஏசுவன்! அவன் என்ன, உங்கட சொந்தக்காரனோ?”

சாமித்தம்பி சொக்லேட்டை மகள் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தபடி சொன்னார்.

“ஃப்ராவ் ஆமானுக்குக் கை நடுங்கும், சீட்டை நான்தான் நிரப்பிக் குடுக்கிறனான். ‘ஆரோ கந்தப்போடியாம், முன்பின் தெரியாத ஆள், நைன் எண்டு எழுது சாமி’ எண்டு சொல்லிச்சுது... எழுதினன்.”