அப்பா கடைசியாகச் சொன்னது

"சரிப்பா... சரிப்பா..." அப்பாவின் வாயோடு காதை ஒட்டி வைத்துக்கொண்டு ரோடெல் இரண்டு முறை தலையாட்டினான்.

அவன் மனைவி மேரிசெல் ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்தினாள். பாசிங் அத்தை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பக்கத்து வீட்டு ரேடியோவைக் குறைக்கச் சொல்லி அதட்டினாள். மூச்சு விடும் சத்தம்கூட வராமல் எல்லோரும் நின்றார்கள்.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற எர்லிண்டாவுக்கு, ஆடிக்கொண்டிருந்த திரைச்சீலை நின்றது மட்டும்தான் தெரிந்தது. அப்பாவின் முகத்தைத் தம்பியின் தலை மறைத்திருந்தது. அவள் தலைமாட்டுப் பக்கம் நகரப் பார்த்தபோது, அத்தை தோளைப் பிடித்து இழுத்தாள்.

"நீ எதுக்கும்மா அங்க போய் முட்டுற? அவனாவது கேக்கட்டும்."

அத்தை சொன்னதில் பாதிதான் புரிந்தது. எர்லிண்டா எப்போதும்போல் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றாள்.

ரோடெல் நிமிர்ந்தபோது அவன் கண்கள் நிறைந்திருந்தன. அப்பா போய்விட்டார்.

எர்லிண்டாவின் காதுகள் போனது ஆறு வயதில், மூளைக்காய்ச்சலில். பேச்சு மட்டும் கொஞ்சம் குழறலோடு மிஞ்சியது. அதன்பிறகு ஊரே அவளிடம் கத்தியது, அல்லது பேசாமல் இருந்துகொண்டது.

அப்பா மட்டும் வேறு மாதிரி. இலோயிலோ நகரத்தில் ஜீப்னி வண்டி ஓட்டிய காலத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், வண்டியை ஓரங்கட்டி, உதடு அவளுக்குத் தெரியும்படி முகத்தை அவள் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பேசுவார். பின்னால் பயணிகள் கூச்சல் போடுவார்கள். "இருங்கய்யா, எம் பொண்ணுகிட்ட பேசிட்டிருக்கேன்ல!" என்பார்.

"அப்பா என்ன சொன்னாரு?" அன்று சாயங்காலமே தம்பியைக் கேட்டாள்.

"அப்புறம் சொல்றேன்க்கா."

மற்றவர்கள் உதட்டில் அவளுக்குச் சட்டென்று பிடிபடும் வார்த்தை அது. பந்தியில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது, "என்ன, என்ன?" என்று கேட்டால் அதுதான் கிடைக்கும். அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை.

ஒன்பது நாள் ஜெபத்துக்கும் வீடு நிறையக் கூட்டம். ஊர் வழக்கப்படி வாசல் பந்தலில் காபியும் பிஸ்கட்டும் சீட்டாட்டமுமாக அப்பாவைப் பற்றியே பேச்சு ஓடியது. ஒருவர் ஏதோ சொல்ல, அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "என்ன அத்தை?" என்றதற்கு, "ஒண்ணுமில்லடி, பழைய கதை" என்று கையை ஆட்டிவிட்டாள். பாதிரியார் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். வந்தவர்கள் எர்லிண்டாவுக்கு எதிரில் நின்றுகொண்டே ரோடெலிடம், "உங்க அக்கா சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார்கள்.

ரொட்டிக்கடை வேலைக்குத் திரும்பிய பிறகு அவள் தம்பிக்கு மெசேஜ் அனுப்பினாள். "அப்பா என்ன சொன்னாரு?" பதில் மறுநாள் வந்தது. "நேர்ல சொல்றேன்க்கா." நேரில் போனால் அவன் குளிக்கப் போயிருந்தான், இல்லையென்றால் எங்காவது கிளம்பிக்கொண்டிருந்தான்.

மாவு பிசையும்போதெல்லாம் அதே யோசனைதான். தம்பி இப்படி மறைக்கிறான் என்றால், அது தன்னைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். கல்யாணமாகாத நாற்பத்தொரு வயது மகள். இவள் ஒரு பாரம் என்று சொல்லியிருப்பாரோ? நினைக்கும்போதே கை நின்றுவிடும்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து, உறவுக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய மத்தியானத்தில், பின்கட்டுக் குழாயடியில் அவனை மடக்கினாள். அவன் சோற்றுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கும் அப்புறம்னு சொன்னா, இந்தப் பானையை எடுத்தே அடிப்பேன். எனக்குக் காதுதான் இல்ல. அப்பாவும் இல்லையா?"

அவன் குனிந்தபடியே என்னவோ முனகினான். அவள் அவன் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்னைப் பாத்துச் சொல்லு. நான் பாரம்னு சொன்னாரா? பரவால்ல, சொல்லு. தாங்கிக்குவேன்."

"ஐயோ, அதெல்லாம் இல்லக்கா."

"பின்ன என்னதான் சொன்னாரு?"

ரோடெலின் முகம் சின்னப் பையனுடையது போலக் கோணியது. "தெரியாதுக்கா."

"தெரியாதா? அவ்வளவு தலையாட்டினியே!"

"எல்லாரும் என்னையே பாத்துட்டு நின்னாங்க. எனக்கு ஒண்ணுமே கேக்கலன்னு அப்ப எப்படிக்கா சொல்றது? அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். நாள் ஆக ஆக, உன் மூஞ்சியப் பாக்கவே பயமாயிடுச்சு."

"வாய்கிட்டயே காதை வச்சியேடா! அப்பவும் கேக்கலையா?"

அவன் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அவளுக்குப் புரிய வேண்டும் என்று, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னான்.

"சத்தமே வரலக்கா... உதடு மட்டுந்தான் அசைஞ்சுது."