கருப்பையா விழுந்தான்

குடுமியான்மலை அருகே புது ரிசார்ட். கம்பியில் தொங்கியபடி சறுக்கிப் போகும் ஜிப்லைன் தொடங்கும் பாறைக்கு மேனேஜர் சரவணக்குமார் ஏறி வந்தார்.

“விடிஞ்சா தெறப்பு விழா. இன்னுமா சோதனை, நாகராசு?”

“ஐம்பதாவது தடவை கொக்கி விட்ருச்சு சார். கருப்பையா கீழ விழுந்துட்டான்,” என்றான் ஃபிட்டர் நாகராசு.

“ஐயையோ! எப்படியிருக்கான்?”

“வயிறு கிழிஞ்சு கெடக்கான்.”

“ஆம்புலன்ஸ கூப்பிடுய்யா!”

“எதுக்கு சார்? கோணி ஊசி போதும். எண்பது கிலோ மணல் மூட்டைதானே.”

மேனேஜர் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். போன மூச்சு திரும்பி வந்தது. “மூட்டைக்கு எதுக்குய்யா பேரு?”

“மூட்டைன்னா பயலுக ஏனோதானோன்னு மாட்டுவாங்க. பேரு வச்சாத்தான் பெல்ட்ட இறுக்குவாங்க.”

“விழாவத் தள்ளி வைப்போம். புதுக் கொக்கி போட்டு மறுபடி ஐம்பது தடவை விடு.”

“சரிங்க சார். இந்தத் தடவை மூட்டைக்கு ஒங்க பேரு.”