ஹாமர் விழுந்த அன்று

இப்போதெல்லாம் ஒருத்தன் விழுந்தால் தூக்கிவிடாமல் செல்போனை நீட்டுகிறார்கள் என்று சவரிமுத்துக் கிழவர் திட்டினார். சைக்கிள் கடை மொய்தீன் காட்டிய வீடியோவில், நரைத்துப்போன மல்யுத்தக்காரன் ஹாமர் ரிங்குக்குள் மல்லாந்து கிடந்தான். முப்பது வருஷமாக டிவியில் பார்த்து இருவரும் கொண்டாடிய ஆள். அவன் வாங்கிய அடி அத்தனையும் நிஜம் என்று ஊரெல்லாம் சண்டை போட்டவர் கிழவர்.

“முழங்கால் போச்சாம்ணே. இனி ரிங்குல ஏறவே மாட்டானாம்.”

ஹாமரின் கை கயிற்றைத் துழாவி, எட்டாமல் விழுந்தது.

“நடிக்கிறான் பாய். எல்லாமே நடிப்புதான்,” என்றார் கிழவர்.

“இதச் சொன்னான்னுதானேண்ணே மகன வெரட்டிட்டு ஒத்தையில கெடக்கீங்க?”

கிழவர் திரையையே பார்த்தார். ஹாமரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“எந்திரிச்சிருவான், வேணும்னா பாரு,” என்று சொல்லிவிட்டு, துண்டை உதறிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார்.