இடப்பக்கத்துக் கை

கற்பிட்டி ஹோட்டலில் அஸ்ரியா தான் எழுதிய பியானோ இசையை முதன்முதலாக வாசித்தாள். மேற்கத்திய சாஸ்திரிய இசைக்குள் ஜாஸின் தாளம் துள்ளியது. கேட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கணவன் முபாரிஸ் போனில் எடுத்த வீடியோவை இருவரும் வீட்டில் பார்த்தார்கள். பாதி வாசிப்பில், இடப்பக்கமிருந்து மூன்றாவது கை ஒன்று நீண்டு தாழ்ந்த சுரங்களை வாசித்தது. அந்தப் பக்கம் யாருமே இருக்கவில்லை.

"அல்லாஹ்வே! இது யாருட கை?" என்றான் முபாரிஸ்.

அஸ்ரியா வீடியோவை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள். "தெரியா. ஆனா பாருங்க, நான் ஒருத்தருக்கும் காட்டாத இசை. ஒரு பிழை இல்லாம வாசிச்சிருக்கு!"

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலையிலேயே பியானோவின் முன் அமர்ந்து, அடுத்த இசையை மூன்று கைகளுக்கென எழுதத் தொடங்கினாள். இடப்பக்கக் கட்டை ஒன்று தானாக அமிழ்ந்து ஒலித்தது.

"பொறுங்க," என்றாள் அவள், தலைநிமிராமல். "இன்னும் எழுதி முடிக்கல்ல."