வீரனுக்குத் திருஷ்டி கழித்த கதை

டிராகன் குடியிருந்த மலையின் அடிவாரத்தில்தான் ஆடுகளின் ஊர். எல்லையில் ஒரு பலகை: "டிராகனைக் கொல்ல வீரர் தேவை. பருமனானவர்களுக்கு முன்னுரிமை."

அதைப் பார்த்துவிட்டு ஒரு காட்டுப்பன்றி வாளோடு வந்தது. ஊர்த்தலைவி செங்கமலம் என்ற ஆடு அதற்கு மூன்று நாள் விருந்து போட்டது. நான்காம் நாள் காலையில் அதன் உடம்பெல்லாம் உப்பும் மிளகாய்த்தூளும் தேய்த்தது.

"இது எதுக்கும்மா?"

"திருஷ்டி கழிக்கத்தான் தம்பி."

"எங்க ஊர்ல சுத்தித்தானே போடுவாங்க?"

"நீங்க பெரிய வீரர். உங்களுக்குச் சுத்தினா பத்தாது."

பன்றி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மலையேறியது. குகையிலிருந்து டிராகனின் குரல் ஊருக்கே கேட்டது:

"செங்கமலம்! போன தடவை அனுப்பின வீரன்ல உப்பு தூக்கல். இந்த வாட்டி பார்த்துப் போட்டியா?"