ஏரிக்கரை மேட்டில் ஏறிய கார்

"தொடாதே! எட்டிப் போ!"

வக்கீல் தேசிகன் போட்ட கூச்சலில், காலையில் மலைக்குப் போகும் வழியில் நின்றுபோன காரைத் தள்ள, ஏரிக்கரைக் குடிசைகளிலிருந்து ஓடி வந்த சின்னையனும் அவன் கூட்டாளிகளும் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள்.

"வண்டி நின்னு பூட்ச்சே சாமி. ஆளுக்கு ஒரு கை வெச்சா..."

"உள்ளே சாளக்கிராமம் இருக்குடா! தீட்டுப் பட்டா யார் பதில் சொல்றது?"

தீண்டாமை குற்றம் என்று புதுச் சட்டம் வந்தபோது, செங்கல்பட்டுக் கோர்ட்டில் அதன் ஷரத்துகளை முதலில் மனப்பாடம் செய்தவர் தேசிகன்தான். ஆனால் கோர்ட் கோர்ட்டோடு, ஆசாரம் ஆசாரத்தோடு. இரண்டையும் அவர் போட்டுக் குழப்பிக்கொண்டதே இல்லை. தானே ஹாண்டிலைச் சுற்றி, ஒருவழியாக எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு போனார்.

படாளத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்த மலை. உச்சியில் நரசிம்மர். புரட்டாசிச் சனிக்கிழமை வீட்டுச் சாளக்கிராமத்தைக் கொண்டுபோய் அங்கே திருமஞ்சனம் செய்வது பரம்பரை வழக்கம். காரை அடிவாரத்திலேயே போட்டுவிட்டு, பெட்டியைத் தானே சுமந்துகொண்டு மலை ஏறினார். மனைவி சாவித்ரியும் சின்னப் பெண் ருக்மிணியும் பின்னால் வந்தார்கள்.

பூஜை முடியப் பொழுது சாய்ந்துவிட்டது. கிளம்பும்போது பட்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடிவாரத்துல பின்னாலே ஏதாவது சத்தம் கேட்டா திரும்பிப் பாக்காதேங்கோ. பெருமாளோட காவல் பூதங்கள் நடமாடற வேளை. பார்த்தவா பிழைச்சதில்லே."

இறங்கும்போது ஒரு குருவிகூடக் கத்தவில்லை. இலை அசையவில்லை. தங்கள் காலடிக்குப் பின்னால் இன்னொரு காலடி வருவதுபோலவே இருந்தது தேசிகனுக்கு. திரும்பவில்லை. பெருமாள் நாமத்தைச் சொல்லிக்கொண்டே நடந்தார்.

கடைசிப் படியில் உட்கார்ந்த ருக்மிணி வீறிட்டாள். கல்லிடுக்கில் கருந்தேள்.

கார்வரைக்கும் குழந்தை கதறிக்கொண்டே வந்தது. பின்சீட்டில் கிடத்தியதும் அழுகை சட்டென்று நின்றது. உடம்பெல்லாம் வேர்வை, வாயோரம் நுரை. அழுதபோதுகூட தேசிகனுக்கு இவ்வளவு பயமாக இல்லை.

ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார். கை தோல் உரிந்ததுதான் மிச்சம். எஞ்சின் முனகக்கூட இல்லை.

"எதிரே அந்த ஏரிக்கரை மேட்டுல ஏத்திட்டாப் போறும். அந்தப் பக்கம் சரிவு. உருண்டா எஞ்சின் பிடிச்சுக்கும்" என்றார்.

"அந்தக் குடிசைகள்ல ஒரு குரல் கொடுத்தா ஓடி வருவா."

"சாளக்கிராமத்தை வச்சுண்டா? ஏழு தலைமுறையாத் தீட்டுப் படாம வந்ததுடீ! பெருமாள் பாத்துப்பார்."

சாவித்ரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகினாள்.

"நீங்க ஸ்டியரிங்கைப் பிடியுங்கோ. நான் தள்றேன்."

தள்ளினாள். கார் அசையவில்லை. மறுபடி தள்ளினாள். இல்லை.

குழந்தையின் மூச்சு கர்கர் என்று இழுத்தது.

அப்போதுதான் கார் நகர்ந்தது.

முதலில் ஒரு குலுக்கல். பிறகு சீராக, தேர் கிளம்புவதுபோல, மேட்டில் ஏற ஆரம்பித்தது. தேசிகனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒற்றைப் பொம்பளை தள்ளி இத்தனை பெரிய கார் மேடேறுமா?

பின்னால் காலடிச் சத்தம். இரண்டு கால் இல்லை, பல கால்கள். வலப்பக்கம் ஒரு மூச்சு, இடப்பக்கம் ஒரு மூச்சு. ஈரச் சேற்று வாடை குப்பென்று உள்ளே வந்தது.

"சாவித்ரீ! யாரு அது?"

"நான்தான்னா."

"உன்கூட யாரு?"

"நான்தான். திரும்பாதேங்கோ! பட்டர் சொன்னது ஞாபகம் இருக்கோன்னோ?"

அவருக்குக் கழுத்து விறைத்துப்போனது. இருட்டிலிருந்து அவள் குரல் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. "நான்தான்... நான்தான்னா... திரும்பாதேங்கோ..." அதற்கடியில் அந்த மூச்சுகள்.

கார் கரையைத் தாண்டிச் சரிந்தது. கியரைப் போட்டார். எஞ்சின் படபடவென்று பிடித்துக்கொண்டது. சாவித்ரி ஓடி வந்து ஏறிக்கொண்டாள், தனியாக. அவளுக்குப் பின்னால் மேடு முழுக்க வெறும் இருட்டு.

குழந்தை பிழைத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கை மீறிப் போயிருக்கும் என்றார் டாக்டர்.

அப்புறம் கோர்ட்டில் கேஸ் நடந்ததோ இல்லையோ, தேசிகனின் கதை நடந்தது. "சாட்சாத் நரசிம்மரே தள்ளினார் ஓய்! மூச்சுச் சத்தம் இந்தக் காதால கேட்டேன்!" கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமைக்குப் பெருமாளுக்கென்று ஜரிகைப் பட்டு வேஷ்டி ஒன்று வாங்கி வந்து, சாவித்ரியிடம் விரித்துக் காட்டினார்.

"எப்படி இருக்கு?"

"நன்னாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு போறாதே."

"ஏன்?"

"தள்ளினவா எட்டுப் பேர்னா. காலம்பற நீங்க விரட்டினேளே, அவாதான். குழந்தை அழற சத்தம் கேட்டுத் தானா வந்தா."

தேசிகன் கையிலிருந்த பட்டு நழுவித் தரையில் விழுந்தது.

"பின்னே... ஏன் ஒருத்தனும் வாயைத் திறக்கலே?"

சாவித்ரி குனிந்து பட்டை எடுத்து மடித்தாள்.

"சின்னையன் என் காதுகிட்ட வந்து சொன்னான்: 'எங்க கொரலு கேட்டா சாமி பிரேக்கப் போட்டுடும். கொயந்த பொயைக்கணும். நீ மட்டும் பேசிக்கினே வா தாயி.'"